டிரம்முக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 4, திங்கள்

காலையில் பால்காரரோடு சண்டை போட்டேன், இட்லிக்கு அரிசி ஊறப் போட்டேன், பட்டறைக்கு வந்த நோட்டீசைப் படித்தேன். மூன்றாவது வேலையை வீட்டுக்காரர் செய்திருக்க வேண்டும். கவரைப் பிரித்தார். இரண்டு வரி படித்தார். கோயில் கமிட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரர் குழந்தைவேல் நல்லவர். அதைத் தவிர அவர் வேறு வேலை பார்த்து நான் பார்த்ததில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து நோட்டீஸ் சொல்வது இதுதான். எங்கள் பட்டறையிலிருந்து வெளியேறும் தண்ணீரில் நிக்கல் லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எங்களுடையதில் நாற்பது இருக்கிறது. அக்டோபர் 26 அன்று மறுபடி வந்து பார்ப்பார்கள். அன்றைக்கும் குறையவில்லை என்றால் கரண்ட்டைத் துண்டித்துப் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள்.

பூட்டினால் பதினொரு பேர் வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் வீட்டையும் சேர்த்தால் பன்னிரண்டு. கோயில் கமிட்டி தினமும் சோறு போடாது.

மாமனார் தொடங்கிய பட்டறை இது. கிரைண்டர் பாகங்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் நிக்கல் முலாம் பூசுகிறோம். தொட்டியில் முக்கி எடுத்த சாமானைக் கழுவும்போது தண்ணீர் பச்சையாக ஓடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்தப் பச்சைதான் நிக்கல். சுண்ணாம்பு போட்டால் முக்கால்வாசி அடியில் படிந்துவிடும், மிச்சம் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போகும். இத்தனை வருஷமும் போனது. யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 6, புதன்

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவர் டை கட்டிக்கொண்டு வந்தார். அவர் விலையைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

மாகாளி மாமனார் காலத்திலிருந்து எங்களிடம் முலாம் பூசுகிறவர். "சுண்ணாம்பு இன்னொரு மூட்டை கொட்டிப் பாக்கலாமுங்கம்மா" என்றார். கொட்டினோம். தண்ணீர் கலங்கியது. நிக்கல் அசையவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

சுகந்திக்கு போன் செய்தேன். வேறு வழியில்லாமல்தான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சுகந்தி என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கியவள், தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். கூடப் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மாமனார் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றுவிட்டார். அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை. மாமனார் போய் மூன்று வருஷமாகிறது. இப்போது பொங்கலுக்கு வருவாள். கதவு திறந்தே கிடந்தாலும் வெளியே நின்று "அண்ணி" என்று கூப்பிடுவாள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும். சாயங்காலம் ஆனதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பிறந்த வீட்டுக்கே ஒறம்பரை மாதிரி, விருந்தாளியாக வந்துபோகிற ஆளை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

இன்று ஆட்டோவில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினாள்.

"என்ன சுகந்தி இது?"

"தேங்கா மட்டைத் தூளுங்க அண்ணி. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு திரிக்கிற எடத்துல மலையாக் குமிஞ்சு கெடக்குது."

"மெசினு வாங்கச் சொல்லுவீன்னு பாத்தா, குப்பையத் தூக்கிட்டு வந்திருக்கற."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து அதில் ஒரு பிடி தூளைப் போட்டுக் கலக்கினாள். மரம் செத்தாலும் மட்டையில் இருக்கிற சத்துக்கு நிறையக் கைகள் உண்டாம். ஒவ்வொரு கையும் லேசான எதையோ பிடித்துக்கொண்டிருக்குமாம். நிக்கல் பக்கத்தில் வந்தால் பிடித்திருந்ததை விட்டுவிட்டு நிக்கலைப் பிடித்துக்கொள்ளுமாம்.

"செத்தப்புறமும் புடிச்ச புடிய உடாதா?"

"உடாதுங்க."

"அப்ப உங்கப்பாதான்."

சுகந்தி சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து நான் எத்தனை வருஷமாகக் கேட்கவில்லை என்று தெரியவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 13, புதன்

வேலை நாளிலும் வந்தாள். "காலேஜ் இல்லையா?" என்றேன். "லீவுங்க" என்றாள். காலையிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னவள் நான்கு தோசை சாப்பிட்டாள். செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. நான் ஐந்தாவது தோசையை வைத்தேன்.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக வந்தது. தண்ணீர்தான் நன்றாக வரவில்லை.

பெரிய நீல டிரம் ஒன்றில் மட்டைத் தூளை நிரப்பி, அடியில் ஒரு பித்தளைக் குழாய் வைத்து, மேலே பச்சைத் தண்ணீரை விட்டோம். கீழே டீத்தண்ணீர் மாதிரி வந்தது. மட்டையின் சாயம் இறங்குகிறதாம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இதுக்குப் பச்சையே தேவலையே" என்றார். இதைச் சொல்ல மட்டும் கமிட்டியிலிருந்து நேரம் கிடைக்கிறது.

செப்டம்பர் 24, ஞாயிறு

தூளை சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி, மறுபடி அலசி, சாயம் போகும்வரை அலசினோம். சுகந்தி, நான், பட்டறைப் பெண்கள் மூன்று பேர். கல்யாண வீட்டு அரிசியைக்கூட நான் இத்தனை தடவை களைந்ததில்லை. சோடாவில் ஊறினால் சாயமும் போகும், கைகளும் கூடும் என்றாள். என் கைதான் தோல் உரிந்தது.

அக்டோபர் 3, செவ்வாய்

இரண்டு.

சுகந்தியின் சிநேகிதி வேலை பார்க்கும் கல்லூரியில் சோதித்துச் சொன்னார்கள். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம். நாற்பது உள்ளே போய் இரண்டு வெளியே வந்திருக்கிறது. டம்ளரில் பிடித்து வெயிலில் காட்டினேன், அந்தப் பக்கம் நின்ற மாகாளியின் மீசை தெரிந்தது. சந்தோஷத்தில் பட்டறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். சுகந்திக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ராத்திரி தங்கு என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் அவள் பஸ் நேரம் பார்த்துவிட்டாள். போகிறவளைக் கட்டியா போட முடியும்?

அக்டோபர் 10, செவ்வாய்

டிரம்கள் நிறைந்துவிட்டன. நான்கு டிரம் வைத்திருந்தோம், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றிலும் பச்சை கீழே இறங்க ஆரம்பித்துவிட்டது. எல்லாக் கையிலும் நிக்கல் பிடித்தாகிவிட்டது, இனிப் பிடிக்கக் கை இல்லை.

"அவ்வளவுதானே? கொட்டிப்போட்டுப் புதுசு நெரப்பு" என்றேன்.

கொட்டலாமா என்று கேட்க சுகந்தி வாரியத்து அதிகாரியைப் பார்க்கக் கிளம்பினாள். நானும் போனேன். கண்ணாடி போட்ட மனிதர், மரியாதையாகத்தான் பேசினார்.

"தண்ணி நல்லாயிருக்குங்க. ஆனா தண்ணியில இருந்தத நாருக்கு மாத்தி வச்சிருக்கீங்க. அந்த நாரை எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க? மண்ணுல கொட்டுனா மழைக்கு எறங்கும். எரிச்சா சாம்பல்ல இருக்கும். அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததால்தான் எரிச்சல் அதிகமாக வந்தது.

அக்டோபர் 12, வியாழன்

பிடித்ததை விட வைக்க அமிலம் போதும் என்று சுகந்திக்குத் தெரியும். இரும்பில் துரு எடுக்க வைத்திருக்கும் அமிலத்தை ஒரு வாளித் தூளில் ஊற்றிப் பார்த்தாள். நிக்கல் இறங்கியது. கூடவே தூளும் கரைந்து கூழாகிவிட்டது. இரண்டாவது வாளியும் கூழ். இந்த மட்டை அமிலத்தைத் தாங்காது என்று முடிவு கட்டிவிட்டாள்.

"என்னால ஆகலைங்க அண்ணி. வேற ஆளப் பாருங்க."

"யாரப் பாக்கறது? டை கட்டுனவனையா?"

கத்தினேன். அவளும் கத்தினாள். டீ ஆறிப்போனது.

அக்டோபர் 16, திங்கள்

நான்கு நாளாக ஆளைக் காணோம், போனும் எடுக்கவில்லை. புளிக்குழம்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அதனால் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் சிங்காநல்லூர் போனேன். அவள் குடியிருக்கும் இடத்தை இன்றுதான் பார்க்கிறேன். மாடியில் ஒற்றை அறை. ஒரு பாய், ஒரு ஸ்டவ், சுவர் ஓரமாக அடுக்கிய புத்தகங்கள். அவள் கடைக்குப் போயிருந்தாள். கீழ்வீட்டு அம்மாள்தான் சொன்னார், கல்லூரியில் மே மாதத்தோடு இவளை வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

மே மாதத்திலிருந்து லீவு.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. கடையிலிருந்து அவள் வந்ததும், "வண்டியில ஏறு, பட்டறையில வேலை கெடக்குது" என்றேன். ஏறிக்கொண்டாள். வழி முழுக்க நான் டிராபிக்கைத் திட்டிக்கொண்டே வந்தேன், அவள் பேச வேண்டியதில்லாமல் போனது.

அக்டோபர் 19, வியாழன்

கடைசி முயற்சியாக ஐந்தாவது டிரம்மில் புதுத் தூள் நிரப்பி, வருகிற நல்ல தண்ணீரைக் கீழே தொட்டியில் சேர்க்கிறோம். 26ஆம் தேதி காட்ட அது போதும். நிறைந்த நான்கு டிரம்முக்குத்தான் பதில் இல்லை. பதில் இல்லாமல் கையெழுத்தும் இல்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நாளை ஆயுத பூஜை. எங்கள் பட்டறையில் முதல் நாளே எல்லாவற்றையும் கழுவிவிடுவோம். மோட்டார், தராசு, மாகாளியின் இடுக்கி, ஸ்கூட்டர்வரை எதுவும் தப்பாது. விளக்கும் பித்தளைச் சாமானும் தேய்க்க நான் ஒரு அண்டா நிறையப் புளி கரைத்து வைத்திருந்தேன். எல்லாம் தேய்த்து முடித்தபோது டிரம்களின் பித்தளைக் குழாய்கள் கண்ணில் பட்டன. கருத்துக் கிடந்தன. அவற்றையும் தேய்த்தேன். பளபளவென்று வந்துவிட்டன.

அப்புறம் டிரம்களைப் பார்த்தேன். ஒன்றரை மாதமாக இந்தப் பட்டறையில் இவற்றைவிட அதிகமாக உழைத்தது யார்? மோட்டாருக்குக் குளியல் உண்டு, இவற்றுக்கு இல்லையா? நிறைந்த நான்கு டிரம்மிலும் மிச்சப் புளித்தண்ணீரைப் பகிர்ந்து ஊற்றினேன். அதற்கு மேல் இரண்டு குடம் நல்ல தண்ணீர் விட்டேன். சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஐந்து டிரம்மின் குழாய்களும் ஒரே தொட்டியில்தான் விழும், அவை திறந்திருந்ததைப் பார்க்கவில்லை.

மாகாளிதான் முதலில் பார்த்தார். "அம்மா, தொட்டி" என்றார்.

கீழே சேர்த்துவைத்த நல்ல தண்ணீரெல்லாம் பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, முலாம் தொட்டியில் இருக்கிற மாதிரி அடர்ந்த பச்சை. நாலு நாள் தண்ணீர், நாலு பேர் உழைப்பு, இன்னும் நாலே நாள் பாக்கி.

சுகந்தி ஓடிவந்தாள். "யாரு என்ன ஊத்துனது?"

"நான் ஒண்ணும் ஊத்துலியே" என்றேன். பிறகு, "புளித்தண்ணி" என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் தொட்டியைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள், அதன் பொட்டைப் பார்த்தாள். ஒரு டிரம்முக்குள் முழங்கைவரை கையை விட்டுத் தூளை அள்ளி உள்ளங்கையில் வைத்து அமுக்கினாள். கூழாகவில்லை. நார் நாராகவே இருந்தது.

"அண்ணி" என்றாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புளியிலும் இருப்பது அமிலம்தானாம், ஆனால் சாது. துரு எடுக்கிற அமிலம் ரவுடி மாதிரி கையையே வெட்டிவிட்டது. புளி வந்து கையைப் பிரித்து நிக்கலை மட்டும் இறக்கிவிட்டது. அது தூளைக் கரைக்காது.

உடனே ஒரு டிரம்மை அலசி, சோடாத் தண்ணீர் விட்டு, மறுபடி அலசிப் பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றினாள். நாங்கள் எல்லோரும் குழாயைச் சுற்றி நின்றோம். என் வீட்டுக்காரர்கூட நின்றார். சொட்டுச் சொட்டாக வந்தது. அப்புறம் ஒழுகியது. டம்ளரில் பிடித்தேன்.

மாகாளியின் மீசை தெரிந்தது.

அக்டோபர் 23, திங்கள்

பூஜை. பொரி, கடலை, பூசணிக்காய். மாகாளி ஐந்தாவது டிரம்முக்கும் பொட்டு வைத்தார். அதற்கு மட்டும் இல்லையென்றால் வருத்தப்படும் என்றார்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. நல்ல நாளில் நல்லதைத் தொடங்கினாள் சுகந்தி.

புளியில் இறக்கிய நிக்கல் எங்கள் தொட்டிக்கு ஆகாது, புளியின் மற்ற சங்கதிகள் முலாமைக் கெடுக்கும். அதனால் கந்தக அமிலத்தைப் புளி அளவுக்குச் சாதுவாகத் தண்ணீர் கலந்து ஊற்றினாள். தூள் அப்படியே நின்றது. இறங்கியது நிக்கல் சல்பேட். அதை நாங்கள் மூட்டை மூட்டையாகக் கடையில் வாங்கி முலாம் தொட்டியில் கரைக்கிறோம்.

"அப்ப இத்தன வருசமா வாய்க்கால்ல உட்டது?" என்று மாகாளி கேட்டார்.

"நம்ம சாமானேதானுங்க" என்றாள்.

மாகாளி வாய்க்கால் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

அக்டோபர் 26, வியாழன்

ஜெயித்தோம்.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். என் வீட்டுக்காரர் இன்று கமிட்டிக்குப் போகவில்லை. போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டார், வேட்டி கஞ்சி போட்டுக் கட்டியிருந்தார். அதிகாரி கொண்டுவந்த கருவியில் தண்ணீரைச் சோதித்தார். ஒன்றரைக்கும் கீழே. நான் சாமி படத்தைப் பார்த்தேன், சுகந்தி கருவியைப் பார்த்தாள்.

"அந்த நாருக்குப் பதில்?" என்றார்.

சுகந்தி பேசினாள். நிறைந்த டிரம்மைக் காட்டினாள், அமிலத்தை ஊற்றினாள், பச்சையாக இறங்கியதைப் பிடித்தாள், அதே டிரம்மில் மறுபடி கழுவு நீரை விட்டாள், தெளிந்து வந்ததைச் சோதிக்கக் கொடுத்தாள். நாரை வெளியே கொட்டவே வேண்டியதில்லை, நிக்கலும் வெளியே போகாது என்றாள். எத்தனை தடவை தாங்கும் என்று கேட்டார். இதுவரை மூன்று பார்த்தோம், மேலே பார்த்துக்கொண்டே சொல்கிறேன் என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். பேனாவை எடுத்தார்.

எழுதும்போது டிரம்மை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு எதுக்குங்க பொட்டு?"

"வேலை செய்யறவங்களுக்கெல்லாம் வைக்கறதுதானுங்க" என்றேன்.

கையெழுத்துப் போட்டார். பட்டறைப் பெண்கள் குலவை போட்டார்கள், அது ஆய்வுக்குப் போடுவதில்லை என்று யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தங்கையின் தலையில் கையை வைத்தார். கையை எடுக்கவே இல்லை. நல்லவர் என்று நான் சும்மா சொல்லவில்லை.

நான் காபி போடப் போய்விட்டேன்.

நவம்பர் 3, வெள்ளி

பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். அவர்களுக்கும் நோட்டீஸ். எல்லோரும் வந்து "டாக்டரம்மா இருக்காங்களா?" என்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் ஆளிடமே சொல்லிவிட்டேன், அவங்க சும்மா வரமாட்டாங்க, மாசச் சம்பளம் பேசினாத்தான் வருவாங்க என்று. சுகந்தி பின்னால் நின்று என் சேலையைப் பிடித்து இழுத்தாள். மூன்று பட்டறைகள் ஒப்புக்கொண்டன. எங்களோடு நான்கு.

நவம்பர் 11, சனி

நாளை தீபாவளி. அதிரசம் சுட்டேன், இரண்டு கருகின.

எங்கள் வாசல் கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்று மாமனார் இடுப்பில் தொங்கியது. கனமான இரும்புச் சாவி, அவர் போனபிறகு ஆணியில் தொங்கித் துருப்பிடித்துவிட்டது. இந்த வாரம் டிரம்மில் இறங்கிய நிக்கலைக் கரைத்து முதல் முலாம் தொட்டியை நிரப்பினோம். எதை முதலில் முக்கலாம் என்று மாகாளி கேட்டார். அந்தச் சாவி துருவோடு கிடந்தது நினைவுக்கு வந்தது, கொடுத்தேன்.

சாயங்காலம் சுகந்தி பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். சாவியை அவள் கையில் வைத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பல்லைத் தடவிப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"அப்பா சாவிங்களா?"

"ஆமா."

"எங்கிட்ட எதுக்குங்க?"

"ஒறம்பரை வந்தா நாந்தான் எந்திரிச்சு வந்து கூட்டீட்டுப் போகோணும். எனக்கு மூட்டு வலி."

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பஸ் நேரம் பார்க்கவில்லை. பையைக் கழற்றி உள் அறையில் வைத்துவிட்டு வந்து, கருகின அதிரசம் இரண்டையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் வைக்க எழுந்தபோது வாசல் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. சுகந்தி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கோணல். அழித்துப் போடச் சொல்லவில்லை.